மோட்டார் வண்டியும் மின்சார நீர்ப்பம்பும்

நெருப்பும் நீரும் தம்முட் பகை என்பது உலகம் அறிந்த செய்தி. ஆயினும் ஓர் உலோகச் சுவரின் ஒருபுறத்தே நெருப்பையும் மறுபுறத்தே நீரையும் குடிவைத்து, ஒன்றன் கொடுமையை மற்றொன்றால் அடக்கி, அவற்றிடை எழும் வலியைக்கொண்டு மனிதன் ஊர்ந்து செல்கின்றான். மோட்டார் வண்டி என்று நாம் வழங்கும் விந்தையின் உட்பொருள் இதுவே. எஞ்சினுள் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு கலந்து வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கைச் சுவரின் மறுபுறத்து ஓடும் நீர் சுமந்துகொண்டு, ரேடியேட்டர் வரையிற் சென்று, ஆண்டு வீசும் காற்றினிடம் ஒப்படைத்துத் திரும்புகின்றது. அந்நீரை ஓயாது ஓட்டிவைக்கும் கருவியே வாட்டர் பம்பு என்னும் நீர்ப்பம்பு. கைக்குள் அடங்கும் அளவினதாகிய அச்சிறு கருவி சில நிமிடங்கள் ஓய்ந்தால், பல இலட்ச ரூபாய் பெறும் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குரிய பொருளாகிவிடும்.

இப்பம்பை எஞ்சினே ஒரு பெல்ட்டினாற் சுழற்றுவது பழைய முறை. பெல்ட்டின் தொடர்பை அறுத்து, தனியான ஒரு மின்சார மோட்டாரினாற் சுழற்றுவது புதிய முறை. பந்தயத் திடல்களில் தோன்றிய இப்புதுமுறையை, நாடோறும் அலுவலுக்கும் அங்காடிக்கும் ஓட்டிச் செல்லும் வேக வண்டிகளிலும் தாமே பொருத்திக்கொள்ளும் ஆர்வலர் பல நாடுகளில் உளர். இது தகுமா, தகாதா என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயில்வோனுக்குப் பம்போடு என்ன உறவு என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். உறவு உண்டென்பது கட்டுரையின் நடுவில் விளங்கும். என் முடிபை மட்டும் முன்னரே கூறிவிடுகின்றேன். வலியை மிகுதிப்படுத்த வேண்டி இதனைப் பொருத்துவோன் ஏமாறுவான். நெரிசலில் வண்டியைக் குளிர்விக்க வேண்டிப் பொருத்துவோன் பயனடைவான். ஆனால் பெல்ட் இதுகாறும் வாய்திறவாது செய்துவந்த காவலைத் தானே ஏற்றுக்கொள்ள இசைந்தவனாக அவன் இருத்தல் வேண்டும்.

பம்பே இல்லாமல் வண்டிகள் ஓடிய காலமும் ஒன்று உண்டு. 1908 முதல் 1927 வரையில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட போர்டு 'டி' மாதிரி வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றிற்கு நீர்ப்பம்பு கிடையாது. வெந்நீர் மேலே எழும், தண்ணீர் கீழே இறங்கும் என்னும் இயற்கை ஒன்றனையே நம்பி அவை ஓடின. இருபது குதிரைவலி எஞ்சினுக்கு அது போதியதாயிற்று. எஞ்சினின் வலி பெருகப் பெருக அவ்வியற்கை ஓட்டம் போதாதாகவே, பெல்ட்டினாற் சுழலும் பம்பு எங்கும் பரவிற்று.

பெல்ட் பம்பின் பெருமை யாதெனின், அதற்கு மறதி என்பது இல்லை. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழலும். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். அதற்குக் கட்டளையிடுவோர் ஒருவரும் வேண்டா. கம்பி அறுந்தது, பியூஸ் போயிற்று என்று சொல்ல அதனிடம் கம்பியுமில்லை, பியூசுமில்லை. முதுமையடைந்து சாகும்போதும் அது பெரும்பாலும் முன்னறிவித்தே சாகின்றது. அச்சினைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்தால், அதற்கெனவே விடப்பட்ட ஒரு சிறு துளையின் வழியே சொட்டுச்சொட்டாக நீர் கசியும். பேரிங் தேய்ந்தால் ஓசை எழும். தரையில் ஈரத்தைக் கண்டும் காதில் ஓசையைக் கேட்டும் வாளாவிருப்பவனே அதனாற் கெடுவான்.

இனி அதன் குறையைக் காண்போம். எருது கட்டிக் கவலை இறைத்த நாளில், எருது நடந்தால் நீர் வரும், விரைந்து நடந்தால் விரைந்து வரும், நின்றால் நின்றுவிடும். பயிருக்கு வேண்டுமளவு யாது என்பதை எருது அறியாது. பெல்ட் பம்பின் நிலையும் அதுவே. எஞ்சினுக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்பதை அறியாமல், எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்பதையே அறிந்து அது இறைக்கின்றது. ஒரு பம்பின் சுழற்சி இருமடங்கானால் அது தள்ளும் நீர் இருமடங்காகும், அழுத்தம் நான்மடங்காகும், அது உண்ணும் வலியோ எண்மடங்காகும் என்பது பொறியியலார் கண்ட விதி. எனவே, நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும் எஞ்சின் 6,400 சுற்றை எட்டும்போது, பம்பு தள்ளும் நீர் எட்டு மடங்கும் அது உண்ணும் வலி 512 மடங்கும் ஆகின்றன. மிகு வேகத்தில் அதன் இதழ்களினருகே ஆவிக் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தை அரிப்பதும் உண்டு. மறுதலையாக, கொளுத்தும் வெயிலில் நாற்சந்தியில் வண்டி நிற்கும்போது, எதிர்க்காற்று இல்லாத அவ்வேளையில், அது மிகக் குறைந்த நீரையே தள்ளுகின்றது. தேவையற்ற இடத்திற் பெருங்கொடையும், தேவையுற்ற இடத்திற் கையிறுக்கமும் காட்டும் செல்வனை அது ஒக்கும்.

இக்குறையை முதலில் உணர்ந்து நீக்க முயன்றோருள் அமெரிக்காவின் நேர்கோட்டுப் பந்தயக்காரரும் அடங்குவர். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் ஓடிக் கடக்கும் அவர்களுக்கு ஒரு குதிரைவலியும் பொருட்படுத்தத் தக்கதே. அன்றியும், ஓர் ஓட்டத்திற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பையும் விசிறியையும் மட்டும் ஓடவிட்டு விரைவிற் குளிர்வித்தல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மின்சாரப் பம்பு இவ்விரண்டையும் தந்தது. ஆனால் பந்தயத் திடலில் வண்டியைச் சூழ்ந்து உதவியாளர் நிற்பர். ஓட்டமோ சில விநாடி. பழுதானால் இழுத்துச் செல்ல ஆளுண்டு. அங்கே நல்லதாயிருப்பது, பின்னிருக்கையிற் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் செல்லும் வண்டிக்கும் அவ்வாறே நல்லதாயிருக்கும் என்று கொள்ளுதல் கூடாது.

வண்டி செய்வோரும் பிற்காலத்தில் இம்முறையைக் கைக்கொண்டனர். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட ஆறு சிலிண்டர் எஞ்சினில் மின்சார நீர்ப்பம்பைப் பொருத்தினர். 2006-இல் இரட்டை டர்போவோடு வெளிவந்த 300 குதிரைவலிக்கு மேற்பட்ட எஞ்சினிலும் அதனினும் வலிய மின்சாரப் பம்பே இடம்பெற்றது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட மூன்றாந் தலைமுறைப் பிரியஸ் வண்டியின் எஞ்சினில் துணைக்கருவிகளைச் சுழற்றும் பெல்ட்டே இல்லாது செய்துவிட்டனர். ஆகவே, தினமும் ஓடும் வண்டிக்கு மின்சாரப் பம்பு ஒவ்வாது என்று எவரும் இனிக் கூற இயலாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். இவ்வெஞ்சின்களிற் பம்பு தனியே விடப்படவில்லை. மேற்கூறிய ஜெர்மானிய எஞ்சின்களில், பம்பு தான் சுழலும் வேகத்தையும் தனக்குற்ற பழுதையும் எஞ்சினை ஆளும் கணிப்பொறிக்கு ஒரு கம்பியின் வழியே அறிவித்துக்கொண்டே இருக்கும். பழுது தோன்றினால் கணிப்பொறி எஞ்சினின் வலியைக் குறைத்து ஓட்டுவோனை எச்சரிக்கும். சுருங்கக் கூறின், பெல்ட்டை நீக்கியவர்கள் அதன் இடத்தில் ஒரு காவலனை நிறுத்திவிட்டே நீக்கினர்.

இனி, வலி மிகும் என்னும் ஆசையை எண்ணிட்டுப் பார்ப்போம். ஒரு பெல்ட் பம்பு 6,400 சுற்றில் 2,000 வாட் உண்பதாகவே கொள்வோம். ஒரு குதிரைவலி 746 வாட் ஆதலின், அஃது ஏறத்தாழ 2.7 குதிரைவலி. 300 குதிரைவலி எஞ்சினில் இது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. அதுவும் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டும்போது மட்டுமே. தினமும் ஓட்டும் வண்டி ஒரு நாளில் எத்தனை விநாடி அந்நிலையில் நிற்கின்றது? முன்சொன்ன விதியின்படி, அதே பம்பு 3,200 சுற்றில் எட்டிலொரு பங்காகிய 250 வாட்டே உண்ணும். இதற்கெதிராக மின்சாரப் பம்பின் செலவைக் காண்போம். ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் நிறுவனத்தார் நிமிடத்துக்கு 80, 115, 150 லிட்டர் தள்ளும் அளவுகளிற் பம்புகள் விற்கின்றனர். இவற்றுள் நடுத்தரமானதை ஒத்த ஒரு பம்பு முழு வேகத்தில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 13 வோல்ட்டில் அது 130 வாட். அம்மின்சாரம் வானத்திலிருந்து பொழிவதன்று. எஞ்சின் ஆல்டர்னேட்டரைச் சுழற்றியே அதனைப் பெறுகின்றது. ஆல்டர்னேட்டர் நூற்றுக்கு அறுபது பங்கே மின்சாரமாகத் திருப்பித் தருமாயின், எஞ்சினிடம் வாங்கப்படுவது 217 வாட். ஆக, நடுத்தர வேகத்தில் இரண்டு முறைகளுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றே. பம்பு முழு வேகத்தில் ஓடாமல் தேவைக்கேற்ப மெல்ல ஓடும்போது சிறிது மிச்சமாகும், அவ்வளவே. ஒரு பணத்தை மிச்சம்பிடிக்க ஒன்பது பணத்தைச் செலவிடுதல் போன்றது வலிக்காகப் பம்பை மாற்றுதல்.

அங்ஙனமாயின் உண்மைப் பயன் எங்கே உளது? மூன்று இடங்களில் உளது. முதலாவது, நெரிசல். எஞ்சின் 800 சுற்றில் மெல்ல முனகிக்கொண்டு நிற்கும்போதும் மின்சாரப் பம்பு முழு வேகத்தில் நீரை ஓட்ட வல்லது. ரேடியேட்டர் வெளியிடும் வெப்பம், நீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது. 90 டிகிரி நீர், 15 டிகிரி காற்றுள்ள ஐரோப்பிய நகரில் 75 டிகிரி வேற்றுமையைப் பெறுகின்றது. அதே நீர் சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றுள்ள சென்னையில் 50 டிகிரி வேற்றுமையையே பெறுகின்றது. அதாவது ரேடியேட்டரின் திறனில் மூன்றிலொரு பங்கு பருவத்தாலேயே பறிபோகின்றது. இத்தகைய நாட்டில், நின்ற நிலையிலும் நிறைந்த ஓட்டம் பெறுதல் சிறிய நன்மையன்று.

இரண்டாவது, எஞ்சினை நிறுத்திய பின்னர் வரும் சில நிமிடங்கள். டர்போ பொருத்திய வண்டியில், புகையினாற் சுழலும் பகுதி கடும் ஓட்டத்தில் 900 டிகிரி வரையிற் சூடேறும். எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெயும் நீரும் ஒருங்கே நிற்க, அச்சூடு டர்போவின் பேரிங்குக்குள் பரவி, ஆங்கு எஞ்சிய எண்ணெயைக் கரியாக்கும். மின்சாரப் பம்பு எஞ்சின் நின்ற பின்னும் மூன்று நிமிடம் ஓடி இத்தீங்கைத் தணிக்கும். இதற்குச் செலவு 10 ஆம்பியர் வீதம் அரை ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரிக்கு அது ஒரு பொருட்டன்று. மூன்றாவது, குளிர்ந்த எஞ்சினை விரைந்து சூடேற்றுதல். பம்பை முதலில் விட்டுவிட்டு ஓட்டினால் எஞ்சின் தன் உரிய சூட்டை விரைந்து அடையும். தேய்மானமும் பெட்ரோல் செலவும் குறையும். குளிர்நாட்டில் இது பெரும்பயன். நம் நாட்டிற் சிறுபயன்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களையும் களைதல் வேண்டும். நீர் மிக விரைந்து ஓடினால் ரேடியேட்டரில் வெப்பத்தை விடுதற்கு நேரம் பெறாது என்று பலர் கூறுவர். அதே நீர் எஞ்சினுக்குள்ளும் விரைந்தே ஓடுகின்றது என்பதையும், ஒரு சுற்றில் குறைவாக விட்டாலும் பல சுற்றுக்கள் வருகின்றது என்பதையும் அவர் மறந்தனர். விரைந்த ஓட்டத்தால் வெப்பம் மிகுதியாகவே வெளியேறும். இரண்டாவது எண்ணம், பெரிய பம்பு சிறிய ரேடியேட்டரின் குறையைத் தீர்க்கும் என்பது. தூர்ந்த ரேடியேட்டரும் சுழலாத விசிறியும் உள்ள வண்டியில் எப்பம்பை வைத்தாலும், அது வெந்நீரை வெந்நீராகவே சுற்றிவரச் செய்யும்.

இத்துணை நன்மை உடையதாயின், யான் ஏன் தயங்குகின்றேன்? சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நேர்ந்த ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். என் தாய்மாமன் டர்போ பொருத்திய வண்டி ஒன்றை வைத்திருக்கின்றார். அன்றாடம் தொழிலிடத்திற்கு ஓட்டிச் செல்வதும் அதுவே. அவர் மனமகிழ்ச்சிக்கு வாய்த்ததும் அதுவே. நகர நெரிசலில் வண்டி சூடேறுகின்றது என்று, பெல்ட் பம்பை நீக்கி மின்சாரப் பம்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஏழெட்டு மாதம் குறையின்றி ஓடிற்று. விடுமுறையில் அவரும் என் தாயும் தங்கையும் யானும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தோம். மலையேற்றத்தில் எஞ்சின் கடுமையாக உழைக்கும், வண்டியின் வேகமோ குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. குளிர்ச்சி மிகவும் வேண்டப்படும் இடம் அதுவே. இனிப்புக் கலந்த ஒரு வாடை வந்தது. "மாமா, ஏதோ காய்ச்சுகிற மணம் வருகிறதே" என்றேன். "ஊசி நடுவில்தானே நிற்கிறது, தம்பி" என்று அவர் சூடுகாட்டும் கருவியைச் சுட்டினார். அடுத்த வளைவில் எஞ்சின் வலியிழந்தது. முன்புறத்தினின்று ஆவி எழுந்தது. வழியோரத்தில் நிறுத்திவிட்டு இருட்டும் வரையிற் காத்திருந்தோம். தங்கை அழவில்லை, ஆனால் அம்மாவின் கையை விடவுமில்லை.

பின்னர்த் தெரிந்த காரணம் மிகச் சிறியது. பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயில் ஒரு கம்பியின் முனை சரிவர இறுக்கப்படாமல், சூட்டினால் தளர்ந்து கழன்றிருந்தது. பம்பில் யாதொரு பழுதும் இல்லை. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, பம்பின் விலையினும் பன்மடங்கு செலவாயிற்று. பணிமனையிற் கழற்றிவைத்த பாகங்களின் நடுவே நின்று மாமா என்னை நோக்கி, "நெரிசலில் அது நன்றாகத்தான் இருந்தது, தம்பி. மறுபடியும் எதை வைப்பது?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

ஊசி ஏன் நடுவில் நின்றது? இதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இக்காலத்து வண்டிகள் பலவற்றிற் சூடுகாட்டும் ஊசி உள்ளபடி காட்டுவதன்று. ஓட்டுவோன் வீணே கலங்காதிருக்கவேண்டி, ஒரு பெரும் எல்லைக்குள் சூடு ஏறினும் இறங்கினும் ஊசி நடுவிலேயே நிற்குமாறு செய்துவிடுகின்றனர். இரண்டாவது காரணம் இதனினும் கொடியது. சூட்டை அளக்கும் சென்சார் ஓடும் நீரிலே தோய்ந்திருக்கின்றது. பம்பு நின்றுவிட்டால் நீரும் நின்றுவிடும். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் கொதிக்கின்ற அந்நேரத்தில், சற்று அப்பாற் குழாயிலுள்ள நீர் தன் பழைய சூட்டோடு அசையாது நிற்கும், காற்றுப்பட்டுக் குளிரவுங்கூடும். தூதன் வந்தாலன்றோ போர்க்களத்தின் செய்தி அரண்மனைக்கு எட்டும்? நீரே தூதன், அவன் வழியில் நின்றுவிட்டான். எனவே, கேடு மிகமிக ஊசி அமைதி காட்டுகின்றது.

இதனையே யான் இப்பொருளின் மையமாகக் கருதுகின்றேன். பெல்ட் பம்பு எஞ்சினோடு வாழ்ந்து எஞ்சினோடு நிற்பது. மின்சாரப் பம்போ, எஞ்சின் முழு வலியோடு உழைக்கும்போதே தான் மட்டும் ஓசையின்றி நின்றுவிட வல்லது. உழவனின் கிணற்று மின்பம்பு நின்றால் பயிர் வாடச் சில நாள் ஆகும். அதற்குள் அவன் கம்பியாளை அழைக்கலாம். எஞ்சின் வாடச் சில நிமிடமே போதும். நீரும் கிளைகாலும் சமமாகக் கலந்த கூலண்ட், ஒரு வளிமண்டல அழுத்தத்தை மேலும் தாங்கும் மூடியின்கீழ் ஏறத்தாழ 129 டிகிரி வரையிற் கொதியாது நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஓட்டம் நின்ற இடத்தில் உலோகத்தை ஒட்டிய நீர் அவ்வெல்லையை விரைவில் தாண்டிவிடும்.

பெரிய நிறுவனங்களும் இவ்வகையில் இடர்ப்பாட்டுக்கு விலக்கானவர் அல்லர். 2024 ஆகஸ்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் அமெரிக்காவில் 7,20,000-க்கு மேற்பட்ட வண்டிகளைத் திருத்தத்திற்கு அழைத்தனர். நீர்ப்பம்பின் மின்சார இணைப்பு முனை சரிவர அடைக்கப்படாமையால், அதனுட் கசிவு புகுந்து மின்சாரம் தடம் மாறி ஓடி நெருப்பு உண்டாகக்கூடும் என்பதே காரணம். கேடு வந்த வாயில் பம்பின் சுழலும் உறுப்பன்று. அதற்கு மின்சாரம் செல்லும் முனை. ஆய்வுக்கூடங்களும் ஆயிரம் பொறியாளரும் உடைய நிறுவனத்தார்க்கே ஓர் இணைப்பு முனை இத்துணைத் தொல்லை தருமாயின், ஞாயிற்றுக்கிழமை மாலையிற் கொட்டகையிலமர்ந்து கம்பி முறுக்கும் ஆர்வலர் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

'பெல்ட்டும் அறுவதில்லையா?' என்று மறுத்துரைப்பார் உளர். அறும். சில எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே நீர்ப்பம்பையும் சுழற்றுகின்றது. ஆண்டுப் பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து எஞ்சினே சிதைவதுண்டு. பெல்ட் பம்பின் உலோக இதழ்கள் அரிப்பதும், பிளாஸ்டிக் இதழ்கள் உடைவதும் உண்டு. அன்றியும் ஆல்டர்னேட்டர் கெட்டாலும் மின்சாரப் பம்பு பாட்டரியின் உதவியாற் சிறிது நேரம் ஓடும். ஆகவே ஒரு முறை குற்றமற்றது, மற்றது குற்றமுடையது என்பது என் வாதமன்று. ஒன்றன் சாவு பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகின்றது. மற்றதன் சாவு தெரிவதில்லை. தெரியாத சாவுக்குத் தெரிவிக்கும் கருவி ஒன்றனை நாமே அமைத்தல் வேண்டும் என்பதே என் வாதம்.

அவ்வமைப்பு யாது? ஒன்று, பம்பை வெறும் ஸ்விச்சில் இணைக்காது, சூட்டிற்கேற்ப அதனை ஆளும் கன்ட்ரோலரோடு இணைத்தல். இரண்டு, கம்பியும் ரிலேயும் பியூசும் பம்பு இழுக்கும் மின்சாரத்தைத் தாராளமாகத் தாங்கும் அளவினவாகவும், முனைகள் கையால் முறுக்காமல் உரிய கருவியால் இறுக்கப்பட்டு நீர்புகாவண்ணம் அடைக்கப்பட்டனவாகவும் இருத்தல். மூன்று, நீரிற் தோயாமல் சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தையே தொட்டிருக்கும் வேறொரு சென்சார். நீர் நின்றாலும், நீரே முழுதும் போய்விட்டாலும், உலோகம் பொய் சொல்லாது. நான்கு, பம்பு இழுக்கும் மின்சாரத்தைக் கண்காணிக்கும் கருவி. கம்பி அறுந்தால் மின்சாரம் அற்றுப்போகும், பம்பு இறுகினால் மிகும். இரண்டையும் அது காட்டிவிடும். ஐந்து, இவை தரும் செய்தி ஊசியாக நில்லாமல், சிவப்பு விளக்காகவும் செவியைத் துளைக்கும் ஒலியாகவும் வெளிப்படுதல். சாலையை நோக்குபவன் ஊசியை நோக்குவதில்லை. ஆறு, அவ்வொலி கேட்டவுடன், 'வீடு கிட்டத்தில்தானே உளது' என்று எண்ணாமல் எஞ்சினை நிறுத்தும் மனத்திண்மை. இவ்வாறனுள் ஆறாவது கடையில் விலைக்குக் கிடைப்பதன்று.

இவற்றிற்காகும் செலவும் உழைப்பும் பம்பின் விலையோடு சேர்த்தே எண்ணப்படல் வேண்டும். அங்ஙனம் எண்ணியபின், 'இத்துணைத் தொல்லை எதற்கு?' என்று ஒருவன் பெல்ட் பம்பையே புதுப்பித்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நல்ல மின்விசிறி ஒன்றைப் பொருத்துவானாயின், அவனைப் பழைமைவிரும்பி என்று இகழேன். நெரிசலிற் சூடேறும் வண்டிகள் பலவற்றிற்கு அம்மருந்தே போதும். அது போதாத வண்டிக்கு, மேற்கூறிய ஆறும் அமைத்தபின், மின்சாரப் பம்பு நல்ல துணை.

வேதத்திற் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றோம். விளக்கு பத்துப்பேரிடமும் இருந்தது. அவ்விளக்குகளில் உயர்ந்தது தாழ்ந்தது என்னும் வேறுபாடு சொல்லப்படவில்லை. வேறுபாடெல்லாம், விளக்கு அவியும் வேளையை முன்னமே எண்ணினார் யார், எண்ணாதார் யார் என்பதிலேயே இருந்தது. புதிய கருவிகளைப் பற்றி நம்மிடை நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் விளக்கைப் பற்றியனவாகவே முடிகின்றன. எண்ணெயைப் பற்றிப் பேசுவார் அரியர். ஒரு வேலையை உயிரற்ற பெல்ட்டினிடமிருந்து வாங்கி அறிவுள்ள கருவியினிடம் ஒப்படைக்கும்போது, அதனோடு நின்ற காவலும் தானாகவே கைமாறிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அது மாறுவதில்லை. நாம் ஏற்றுக்கொண்டாலன்றி அது அநாதையாக நடுவழியில் நிற்கும்.

மாமாவின் வினாவுக்கு யான் சொன்ன விடை இதுவே. அவர் மின்சாரப் பம்பையே மறுபடியும் பொருத்தினார். உடன் ஹெட்டில் ஒரு சென்சாரும், ஓட்டுவோன் கண்முன் ஒரு சிவப்பு விளக்கும், ஒலிக்கருவியும் பொருத்தினார். வேலை முடிந்த அன்று, வீட்டு வாயிலில் எஞ்சினை ஓடவிட்டு, என்னை அழைத்துப் பம்பின் பியூசைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். உடனே தெருவெல்லாம் கேட்க ஒலி எழுந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இப்போது அம்மாவை ஏற்றிக்கொண்டு போகலாம்" என்றார். மின்சாரப் பம்பை விரும்பும் அன்பர் ஒவ்வொருவரும், அதனை நம்பி முதற் பிரயாணம் புறப்படுமுன், இவ்வொரு சோதனையையேனும் தம் வாயிலிற் செய்து பார்ப்பாராக.